தொடலாம் என்று எழுதியிருந்த கல்

ஒரு ஊரைப் பிடிக்கக் கூடாது என்று நான் முடிவெடுத்துவிட்டால், அதற்கான காரணங்களை வண்டியில் ஏறும்போதே தயார் செய்துவிடுவேன். வெர்மான்ட்டின் தலைநகருக்குப் போன அன்று என்னிடம் ஒன்பது காரணங்கள் இருந்தன. குளிர் முதலாவது. கறிவேப்பிலை இரண்டாவது. மீதி ஏழையும், நியூ ஜெர்சி பிளெய்ன்ஸ்பரோவிலிருந்து ஐந்தரை மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டிருந்த என் கணவரிடம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனேன். அவர் "ம்" என்றார். கனெக்டிகட் தாண்டிய பிறகு அந்த "ம்"மும் நின்றுவிட்டது.

நாங்கள் ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. செப்டம்பர் கடைசியில் அவருக்கு வேலை போயிருந்தது. ஒரு மருந்துக் கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் ஏழு வருடம் மாடாக உழைத்தவரை ஒரு திங்கட்கிழமை காலை, பதினைந்து நிமிட வீடியோ காலில் போய் வா என்று சொல்லிவிட்டார்கள். எங்களைப் போல விசாவில் இருப்பவர்களுக்கு வேலை போனால் அறுபது நாள்தான். அதற்குள் இன்னொரு கம்பெனி எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் மூட்டையைக் கட்ட வேண்டும். என் விசா அவர் விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தது. எட்டு வயது மகள் மட்டும் இங்கேயே பிறந்தவள், கழுகு போட்ட அமெரிக்க பாஸ்போர்ட்காரி. ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டிய காலண்டரில் நான் தினமும் ஒரு கட்டத்தை அடித்துக்கொண்டு வந்தேன். அன்று நாற்பத்தொன்றாவது கட்டம்.

அத்தனை நாளில் நேரில் வரச் சொன்னது ஒரே ஒரு இடம். வெர்மான்ட் மாநில அரசுக்கு மென்பொருள் செய்து தருகிற ஒரு சின்ன கம்பெனி. கிடைத்தால் அங்கேயே குடிபோக வேண்டும்.

எனக்கு பிளெய்ன்ஸ்பரோவை விட்டுப் போக மனசே இல்லை. அங்கே கதவைத் திறந்தால் எதிர்வீட்டில் தாளிக்கிற வாசனையை வைத்தே சமைப்பது மதுரையா மாயவரமா என்று சொல்லிவிடுவேன். யாருக்காவது காய்ச்சல் என்றால் மூன்று வீட்டிலிருந்து ரசம் வரும். ஆனால் அந்த வீடும் நம் வீடா என்றால், இல்லை. பன்னிரண்டு வருடத்தில் இரண்டு அபார்ட்மென்ட் மாறினோம், இரண்டிலும் ஒரு ஆணிகூட அடித்ததில்லை. வாடகை வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது என்பது ஒரு காரணம். "எத்தனை நாள் இருப்போம்னு யாருக்குத் தெரியும், சுவத்துல ஓட்டை எதுக்கு?" என்பது அவருடைய காரணம். அதனால் முருகன் படத்தைக்கூட ஒட்டும் கொக்கியில்தான் மாட்டியிருந்தோம். ஜூலை மாதப் புழுக்கத்தில் பசை இளகி, முருகன் மயிலோடு தலைகுப்புற விழுவார். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டு மறுபடி ஒட்டுவேன்.

இப்போது ஒரு ரகசியத்தைச் சொல்லிவிட வேண்டும். கிளம்பிய அன்று காலை, மகளை அரைநாள் ஸ்கூலுக்கு விட்டுவிட்டு நான் நேராகப் பிள்ளையார் கோயிலுக்குப் போனேன். "என் வீட்டுக்காரருக்கு இந்த வேலை கிடைக்கக் கூடாது. ஜெர்சியிலேயே ஒண்ணு கிடைக்கணும். கிடைச்சா பதினோரு சிதறுகாய் போடறேன்" என்று வேண்டிக்கொண்டேன். கட்டிய புருஷனுக்கு வேலை கிடைக்கக் கூடாது என்று சாமியிடம் போய் நிற்கிறவளை என்னவென்று சொல்வது? அன்றைக்கு எனக்கு வெட்கமாகவே இல்லை. அவர் காரில் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தபோது, நான் புண்ணியவதி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு புளியோதரை கட்டிக்கொண்டிருந்தேன்.

ஊர் என் கட்சியில்தான் இருந்தது. அக்டோபரில் இலை நிறம் மாறுவதைப் பார்க்க உலகமே அங்கே வருமாம். நாங்கள் போனது நவம்பர் முதல் வாரம். ஜெர்சியில் டீச்சர்களுக்கு மாநாடு என்று ஸ்கூலுக்கு லீவு விடுகிற வாரம் அது. மரமெல்லாம் மொட்டை போட்டுக்கொண்டு நின்றது. பனியும் இன்னும் விழவில்லை. மலை, வானம், ரோடு எல்லாமே சாம்பல் நிறம். தங்க முலாம் பூசிய ஒரு கோபுரம், அதன் கீழே சட்டசபை, பிறகு இரண்டு கடைத்தெரு, ஒரு ஆறு. தலைநகர் அவ்வளவுதான். ஊரெல்லாம் இருக்கிற பெரிய பர்கர் கடை ஒன்றுகூட அங்கே இல்லை. "கேப்பிட்டல்னு சொன்னீங்க, நம்ம அபார்ட்மென்ட் காம்ப்ளெக்ஸ் இதைவிடப் பெருசு" என்றேன். பத்தாவது காரணம்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு இன்டர்வியூ. மோட்டலில் அவர் டை கட்டி முடித்ததும் நெற்றியில் திருநீறு வைத்துவிட்டேன். வைத்தவளின் மனசு கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. அவர் அதைத் துடைப்பது போலத் துடைத்து, புருவங்களின் நடுவே ஒரு துளி மட்டும் விட்டுக்கொண்டார்.

கம்பெனி ஒரு பழைய செங்கல் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருந்தது. எதிரே ரோட்டைத் தாண்டி லைப்ரரி. "ஒரு மணிக்குள்ள முடிஞ்சிடும். குளிர்ல சுத்தாதீங்க, லைப்ரரில வெயிட் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு அவர் மாடி ஏறினார். லைப்ரரி வாசலில் போய் நின்றால், பத்து மணிக்குத்தான் திறக்குமாம். நானும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சும்மா நின்றால் விறைத்துப் போவோம் என்று நடக்க ஆரம்பித்தோம்.

ஆற்றுப் பாலத்தின் ஓரத்தில் ஒரு கொக்கு நின்றது. நிஜக் கொக்கு என்று நினைத்து நான் குரலைக்கூடத் தாழ்த்திக்கொண்டேன். கிட்டே போனால் இரும்பு. மண்வெட்டி முதுகு, கம்பிக் கால், வளைந்த குழாயில் கழுத்து, ஒரு நட்டு கண். இறக்கை முழுக்க ஸ்பூன்கள், நூறு இருக்கும். வயிற்றுப் பகுதியில் வட்ட வட்டமாக ஓட்டை போட்ட ஒரு இரும்புத் தட்டு.

"இட்லித் தட்டுடி!" என்றேன்.

"அம்மா, இட்ஸ் எ டிராக்டர் சீட்" என்றாள் மகள், பக்கத்தில் இருந்த பலகையைப் படித்துவிட்டு. "பழைய ஃபார்ம் ஸ்டஃப்ல பண்ணியிருக்காங்க."

"என் கண்ணுக்கு இட்லித் தட்டுதான். ஒரு ஈடுக்கு ஏழு இட்லி."

அவள் கண்ணை உருட்டினாள், ஆனால் ஓட்டைகளை எண்ணிப் பார்த்தாள். ஏழு இல்லை, பதினொன்று. பதினோரு சிதறுகாய் ஞாபகம் வந்தது. வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

என்னை ஆச்சரியப்படுத்தியது கொக்கு இல்லை. சுற்றி ஒரு வேலி கிடையாது, வாட்ச்மேன் கிடையாது. நம் ஊராக இருந்தால் நாலே நாளில் ஸ்பூன் ஸ்பூனாகக் காயலான் கடைக்குப் போயிருக்கும். இங்கே கொக்கின் ஒரு காலில் யாரோ கையால் பின்னிய சிவப்புக் கம்பளிப் பட்டியைக் கட்டிவிட்டிருந்தார்கள். அதற்குக் குளிருமாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த ஊரில் நான் சிரித்த முதல் சிரிப்பு அது.

பாலத்தைத் தாண்டிக் கடைத்தெருவுக்குள் திரும்பினோம். நடைபாதையில் கால் வைக்கப் போன நான் சடாரென்று காலை இழுத்துக்கொண்டேன். தரை முழுக்க ஓடுகள் பதித்திருந்தார்கள். ஒவ்வொரு ஓட்டிலும் குழந்தைகளின் கோணல் எழுத்தில் ஒரு பெயர், பக்கத்தில் ஒரு படம். பசுமாடு, நட்சத்திரம், மீன், காது பெரிதாக ஒரு நாய். கடைத்தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை எழுத்து.

எழுத்தை மிதிக்கக் கூடாது என்று என் காலுக்கே தெரியும். புத்தகத்தில் தெரியாமல் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஜாதி நான். மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடைபாதையை விட்டு ரோட்டில் இறங்கிவிட்டேன். நாங்கள் ரோட்டில் நடந்தால் அந்த ஊர் வண்டிகள் என்ன செய்யும்? ஹாரன் அடிக்கும் என்று பார்த்தேன். அடிக்கவில்லை. பின்னால் வந்த பெரிய டிரக் அப்படியே நின்றுவிட்டது. அதன் பின்னால் ஒரு கார். அதன் பின்னால் இன்னொன்று. எல்லோரும் பொறுமையாக, சுவாமி ஊர்வலத்துக்குப் பின்னால் வருகிறவர்கள் போல என் பின்னால் ஊர்ந்து வந்தார்கள்.

"அம்மா, யூ ஆர் பிளாக்கிங் தி ஹோல் சிட்டி!"

"அதுக்காக எழுத்தை மிதிக்கச் சொல்றியா?"

நாயோடு நடந்து வந்த ஒரு பெண்மணி நின்று, ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டார். அறுபது வயது இருக்கும், தலையில் கம்பளித் தொப்பி. என் மகள் விளக்கினாள். வீட்டில் நான் ஒரு விஷயத்தைப் பத்து முறை சொன்னாலும் காதில் விழாதவள், அங்கே அழகான ஆங்கிலத்தில், எங்கள் வழக்கத்தில் எழுத்து சரஸ்வதி, அதை மிதிக்க மாட்டோம், மிதித்துவிட்டால் ஸாரி கேட்போம் என்று எல்லாவற்றையும் சொன்னாள். நான் அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். இத்தனையும் இவளுக்குள் போயிருக்கிறதா என்று இருந்தது.

அந்த அம்மாள் குனிந்து தன் காலடியைப் பார்த்தார். மெதுவாக ஒரு காலைத் தூக்கினார். இருபது வருஷமாக நான் என் பையனை மிதித்துக்கொண்டிருக்கிறேனே என்று சொல்லிச் சிரித்தார். அவர் கால் இருந்த இடத்தில் டைனோசர் படம் போட்ட ஒரு ஓடு. அவர் மகன் மூன்றாம் வகுப்பில் செய்தது. அவன் இப்போது டெக்ஸாஸில் இருக்கிறான், வருஷத்துக்கு ஒரு தடவைதான் வருவான். அதனால்தான் தினம் நாயைக் கூட்டிக்கொண்டு இந்தப் பக்கமாகவே நடக்கிறாராம்.

பிறகு அவர் சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை. மிதிப்பதற்காகத்தான் இதைப் பதித்திருக்கிறோம் என்றார். இந்த ஊர்ப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் மூன்றாம் வகுப்பில் ஒரு ஓடு செய்வார்கள். வசந்தத்தில் அதைப் பதிப்பார்கள். அதற்கப்புறம் பிள்ளை எங்கே போனாலும் சரி, ஊர்க்காரர்கள் தினமும் அந்தப் பெயர் மேல் நடந்து போவார்கள்.

இது எனக்குத் தெரிந்த விஷயம். நம் கோயில்களில் படிக்கல்லிலும் தரையிலும் சிலர் தங்கள் பெயரையும் கும்பிட்டுக் கிடக்கிற உருவத்தையும் செதுக்கி வைத்திருப்பார்கள். வருகிறவர்கள் பாதமெல்லாம் தங்கள் மேல் பட வேண்டும் என்று ஆசைப்பட்டுச் செய்தது. அதையெல்லாம் எத்தனை தரம் மிதித்துத் தாண்டி சன்னதிக்குப் போயிருக்கிறேன்! நான் குனிந்து டைனோசரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பிறகு நடைபாதையில் ஏறினேன். பின்னால் டிரக் ஓட்டி வந்தவர் கையை ஆட்டிவிட்டுப் போனார்.

மகள் அந்த அம்மாளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். இந்த வருஷம் புதிதாக வந்து சேருகிற மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் ஓடு உண்டா? உண்டு என்றார் அவர். எங்கிருந்து வந்தாலும் உண்டு.

அவள் மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள்.

லைப்ரரிக்குத் திரும்பும் வழியெல்லாம் அவள் வாயே மூடவில்லை. தன் ஓட்டில் என்ன வரைவது என்பதுதான் பேச்சு. பெயரைத் தமிழிலும் எழுதலாமா? பெயருக்கு இடம் போதுமா? என் பெண், பிறந்ததிலிருந்து எதையும் சுவரில் ஒட்டாதே, தரையில் கிறுக்காதே, கீழ்வீட்டில் கம்ப்ளெயின்ட் பண்ணுவார்கள், குதிக்காதே என்று கேட்டு வளர்ந்தவள். அவள் பெயரைத் தரையில் பதித்து வைத்துக்கொள்ள ஒரு ஊர் தயாராக இருக்கிறது. நான் அந்த ஊர் வேண்டாம் என்று பதினோரு தேங்காய் பேசிவிட்டு வந்திருக்கிறேன். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சனியனே, உனக்கு என்னடி அவ்வளவு அவசரம் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

லைப்ரரியின் முன்புல்வெளியில் அந்தக் கல் இருந்தது. காலையில் அதைப் பார்த்தபோது கட்டட வேலைக்குக் கொண்டுவந்து போட்ட கல் என்று நினைத்திருந்தேன். இடுப்பு உயரம், உருண்டை, கருஞ்சாம்பல் கிரானைட். முக்கால்வாசி கரடுமுரடு. ஒரு பக்கம் மட்டும் தொந்தி மாதிரி வழவழவென்று தேய்த்து விட்டிருந்தார்கள். அதுவும் கலையாம். கீழே சின்னப் பித்தளைத் தகட்டில் ஒரே வரி. மகள் படித்தாள்: "பிளீஸ் டச்."

"சரியாப் படி. 'டோன்ட் டச்'னு இருக்கும்."

"இல்லம்மா. பிளீஸ் டச். நீயே பாரு."

நானே குனிந்து பார்த்தேன். தயவுசெய்து தொடுங்கள் என்றுதான் எழுதியிருந்தது. பன்னிரண்டு வருடத்தில் இந்த நாட்டில் எனக்கு வந்த எத்தனையோ கடிதங்களில், எத்தனையோ பலகைகளில், தயவுசெய்து தொடு என்று ஒன்றும் சொன்னதில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு உள்ளங்கையை வைத்தேன். ஐஸாகக் குளிர்ந்தது. ஊர்க்காரர்கள் தொட்டுத் தொட்டு அந்தத் தொந்தி எண்ணெய் தடவியது போலப் பளபளத்தது.

பிடித்து வைத்தால் பிள்ளையார் என்பார்கள். மஞ்சளைப் பிடித்து வைத்தாலும் பிள்ளையார், களிமண்ணைப் பிடித்து வைத்தாலும் பிள்ளையார். கிரானைட்டை உருட்டி வைத்தால் மட்டும் என்ன? தும்பிக்கை இல்லாவிட்டால் போகிறது, தொந்தி இருக்கிறதே. நான் அக்கம்பக்கம் பார்த்தேன். லைப்ரரி வாசலில் திறப்பதற்காக மூன்று பேர் நின்றுகொண்டிருந்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று நெற்றிப்பொட்டில் மூன்று குட்டு குட்டிக்கொண்டேன். கைகளை மாற்றி இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு, கனத்த குளிர்க் கோட்டோடு தோப்புக்கரணம் போட ஆரம்பித்தேன்.

அப்பனே, நேத்து சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன். தெரியாமப் பேசிட்டேன். இந்த வேலையே கிடைக்கட்டும். இந்த ஊரே கிடைக்கட்டும். பதினொண்ணுக்கு இருபத்தொண்ணாப் போடறேன்.

"அம்மா, ஸ்டாப்! எல்லாரும் பாக்கறாங்க!" மகள் என் கோட்டைப் பிடித்து இழுத்தாள். தோப்புக்கரணம் என்றால் தப்பு செய்தவர்கள் போடுவது என்று அவளுக்குத் தெரியும். "வாட் டிட் யூ டூ?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்லடி. எக்சர்சைஸ்."

பதினொன்று போட்டேன். முழங்கால் இரண்டும் கெஞ்சியது. வாசலில் நின்ற மூவரும் நாகரிகமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டிருந்தார்கள். எதிர்க் கட்டடத்தின் இரண்டாவது மாடி ஜன்னல்களை நான் ஏறெடுத்துக்கூடப் பார்க்கவில்லை.

ஒரு மணிக்கு அவர் இறங்கி வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எப்படிப் போச்சு என்றேன். "ஓகேதான்" என்றார். காரில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டோம். மகள் கொக்கையும் ஓடுகளையும் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவர் என்னைப் பார்த்து, "உனக்கு எப்படி இருந்துது ஊரு?" என்று கேட்டார்.

அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் பிடித்திருக்கிறது என்று சொன்னால் கண் பட்டுவிடும், கைக்கு வந்தது நழுவிவிடும் என்ற பயம். தவிர, நேற்று வரை பத்துக் காரணம் சொன்ன வாயால் எப்படி மாற்றிச் சொல்வது? வெட்கம் வேறு. எங்கள் வீட்டில் எல்லா நோய்க்கும் ஒரு மருந்து மாதிரி ஒரு வார்த்தை உண்டு. அதைச் சொன்னேன்.

"பரவால்ல."

அவர் தலையை ஆட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

பத்து நாள் கழித்து மெயில் வந்தது. வேறொருவரை எடுத்துக்கொண்டார்களாம். மேலும் நாலு நாளில், ஐம்பத்தாறாவது கட்டத்தில், ஜெர்சியிலேயே வேலை கிடைத்தது. பிளெய்ன்ஸ்பரோவிலிருந்து முக்கால் மணி நேர டிரைவ். விசாவுக்கும் அவர்களே விண்ணப்பிக்கிறார்கள். எதிர்வீட்டுக்காரர்கள் பால் பாயசம் கொண்டு வந்தார்கள். நான் எல்லோரிடமும் சிரித்துப் பேசிவிட்டு, சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். மகள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "ஸோ, நோ டைல்?"

அழுதுகொண்டே எனக்கு ஒரு கணக்குத் தோன்றியது. பிள்ளையாரும் இமிக்ரேஷன் ஆபீஸ் மாதிரிதான் போலிருக்கிறது. எந்த மனு முதலில் வந்ததோ அதைத்தான் முதலில் எடுக்கிறார். நான் ஜெர்சியில் கொடுத்தது அப்ரூவ் ஆகிவிட்டது. வெர்மான்ட் கல்லிடம் கொடுத்தது இன்னும் பெண்டிங்.

எப்படியோ, வேண்டியது வேண்டியதுதான். அந்த ஞாயிற்றுக்கிழமை இந்தியக் கடையில் தேங்காயைக் காதருகே வைத்து ஆட்டி ஆட்டிப் பதினொன்று பொறுக்கி எடுத்தேன். கோயிலில் கார் நிறுத்துமிடத்தின் ஓரமாகச் சிதறுகாய் போட ஒரு தொட்டி உண்டு. முதல் காயை ஓங்கி அடித்தேன். இரண்டாவதை இன்னும் ஓங்கி. நாலாவது காய்க்கு என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அவர் தேங்காய்ப் பையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"வேலை கெடைக்கணும்னுதானே வேண்டிக்கிட்டே? இதுக்கு ஏன் அழற?"

இனி மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை. கையில் ஐந்தாவது தேங்காயை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். முதல் வேண்டுதல், கொக்கு, ஓடுகள், கல், வாபஸ், இருபத்தொன்று, எல்லாம். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் முகம் வெளிறிப் போனது.

"அந்தத் தோப்புக்கரணம்... அந்த வேலை கெடைக்கணும்னா போட்டே?"

"ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மாடிலேர்ந்து பாத்தேனே." அவர் பையைக் கீழே வைத்தார். "ஜன்னல் ஓரமாத்தான் உக்கார வெச்சிருந்தாங்க. அப்போதான் கேட்டாங்க, இங்க விண்டர் ரொம்ப லாங், நிறைய பேர் ஒரு வருஷத்துல ஓடிப் போயிடறாங்க, நீங்க ஸ்டே பண்ணுவீங்களான்னு. பண்ணுவேன்னு சொல்ல வாயத் தொறந்தேன். பாத்தா கீழ நீ குளிர்ல நடுரோட்டுக்குப் பக்கத்துல காதைப் புடிச்சிட்டுக் கெஞ்சிட்டு இருக்கே. வழி முழுக்க அவ்ளோ ரீசன் சொன்னியே. இந்த ஊரு வேணாம்னுதான் சாமி கும்புடறேன்னு நெனச்சேன்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என் வொய்ஃபைக் கேட்டுத்தான் சொல்லணும்னு சொன்னேன். அவங்க பேப்பர மூடி வெச்சிட்டாங்க. அதுக்கப்புறம் சும்மா ஊர்க்கதைதான்." கீழே வைத்த பையைப் பார்த்துக்கொண்டே, "கார்ல கேட்டேன். பரவால்லன்னே" என்றார்.

பிள்ளையார் ஒன்றுமே செய்யவில்லை. நாற்பத்திரண்டாவது நாள், ஒரே ஒரு வேலை கண்ணுக்கு முன்னால் இருக்கும்போது, இந்த மனுஷன் என் முகத்துக்காக அதை விட்டுவிட்டு வந்திருக்கிறார். ஐந்தரை மணி நேரம் திரும்பக் கார் ஓட்டிக்கொண்டு வந்து, அதற்கப்புறம் பத்து நாள், ஒரு வார்த்தை, ஒரு முகச்சுளிப்பு கிடையாது. எனக்கு அவர் மேல் வந்த கோபத்துக்கும் பிரியத்துக்கும் அளவே இல்லை. "லூசாங்க நீங்க?" என்று கத்தினேன். கோயிலுக்கு வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சிரிக்க ஆரம்பித்தார், நானும் அழுதுகொண்டே சிரித்தேன். மீதி ஏழு தேங்காயையும் இரண்டு பேருமாகச் சேர்ந்து உடைத்தோம்.

"இனிமே உன் மூஞ்சியப் பாத்து எதையும் முடிவு பண்ண மாட்டேன்" என்றார் கடைசிக் காயைப் போட்டுவிட்டு. "வாயத் தொறந்து கேப்பேன். நீயும் பரவால்லன்னு சொல்லக் கூடாது."

ஏப்ரலில் மகள் ஸ்கூல் ஆர்ட் கிளாஸில் களிமண்ணில் ஓடு ஒன்று செய்து, சுட்டுக் கொண்டு வந்தாள். டீச்சரிடம் அவளே கேட்டாளாம். அவள் பெயர் ஆங்கிலத்தில், அதன் கீழே தமிழில் கோணல்மாணலாக. பக்கத்தில் ஒரு கொக்கு. அதன் வயிற்றில் இட்லித் தட்டு. எண்ணிப் பார்த்தேன், சரியாக ஏழு குழி.

ஒட்டும் கொக்கியில் மாட்டினோம். அரை மணி நேரத்தில் விழுந்து ஒரு மூலை உடைந்தது. பெரிய கொக்கி வாங்கி மாட்டினோம், அதுவும் இரவோடு விழுந்தது. மறுநாள் காலை அவர் எதிர்வீட்டுக்குப் போய் சுத்தியலும் ஒரு ஆணியும் கேட்டு வாங்கி வந்தார். பன்னிரண்டு வருடமாக ஓட்டை எதுக்கு என்று கேட்டவர். மகள் தன் களிமண் ஓட்டை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றாள்.

வாசலுக்கு நேரே, உள்ளே வருகிறவர்கள் முதலில் பார்க்கிற சுவரில் அவர் ஆணியை வைத்தார். அடிக்கப் போனவர் நிறுத்தினார். என் பக்கம் திரும்பாமல் சுவரையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"மூஞ்சியப் பாக்க மாட்டேன். வாயத் தொறந்து சொல்லு. இங்கயா?"

"இங்கதான்" என்றேன். "அடிங்க."